கொல்லையில் ஒரு புது அடுப்பு

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தைக் கொல்லை என்று சொல்வதே கொஞ்சம் பெரிய வார்த்தை. என் மாமனார் விட்டுப்போன பழைய வரிசை வீடு. சமையலறைக் கதவைத் திறந்தால் நாலு பேர் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்கு ஒரு சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை மரம், கழியில் துணி, ஓடாத சலவை இயந்திரம் ஒன்று. அதற்கு அப்பால் பின்சந்தும் வடிகாலும். கொசு பார்க்க வரும் அதிகாரிகளைத் தவிர வேறு யாரும் அந்த இடத்தை அக்கறையோடு பார்த்தது கிடையாது.

அங்கே கூரை போட்டு, அடுப்பு வைத்து, மேசை நாற்காலி போட்டு, வருகிறவர்களை உட்காரவைத்துச் சோறு போடப்போகிறேன் என்று நான் சொன்னபோது, என் வீட்டுக்காரர் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் பத்திரிகையை மடித்துவிட்டு என் பேச்சைக் கேட்டது அபூர்வம்.

“பார்பிக்யூ பிட் வைக்கப் போறியா?” என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

“அதுவும் ஒரு ஓரமா இருக்கும்” என்றேன். முழு விஷயத்தையும் அப்போதே சொல்லியிருந்தால் மனிதர் பத்திரிகையை மறுபடியும் விரித்திருப்பார்.

விஷயம் என் தோழி. ஈசூன் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில், ஒரே புளோக்கில், ஒரே மாடியில், மூன்று கதவு தள்ளி வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்கள் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். நோன்பு மாதம் வந்தால் அவள் உம்மா காய்ச்சும் கஞ்சி தூக்குச்சட்டியில் எங்கள் வீட்டுக்கு வரும். பெருநாள் காலையில் பிரியாணி வரும். எங்கள் வீட்டிலிருந்து தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போவது பிஸ்கட் டின். சீல் பிரிக்காத, கடையில் வாங்கிய டின். எங்கள் வீட்டுச் சட்டிகளில் பன்றி இறைச்சி புழங்கியதுதான் காரணம். அப்பாவுக்கு அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது. அவள் உம்மா இதை ஒளிக்காமல் என் அம்மாவிடம் சொல்லியிருந்தார்: “மனசுல வச்சுக்காதீங்க. உங்க கை சுத்தம் எனக்குத் தெரியும். பாத்திரம்தான் ஒத்துக்காது.” அம்மாவும் சரி என்றுவிட்டார். பெரியவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். மனதில் வைத்துக்கொண்டது நான் மட்டும்தான்.

கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்த இடமும் அப்படித்தான். என் வீட்டுக்காரருக்குக் காப்பிக்கடை சார் சியூ, அந்தச் சிவப்புப் பன்றி வறுவல் என்றால் உயிர். தெரு முனையில் வாங்கிவந்து, என் தவாவில் சூடாக்கி, என் தட்டில் வைத்துச் சாப்பிடுவார். தோழி தீபாவளிக்கு வருவாள், டின் பானத்தில் உறிஞ்சுகுழலைப் போட்டுக்கொண்டு என் முறுக்கைத் தள்ளியிருந்து பார்ப்பாள். “நல்லா செவந்திருக்கு புள்ள” என்பாள். பரீட்சைத் தாளைப் படிக்காமலே மதிப்பெண் போடுகிற வாத்தியார் மாதிரி இருக்கும் எனக்கு. மீன் குழம்பு கொதிக்கிற நாளில் வந்துவிட்டால் சமையலறை வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, “வாசனை என் பங்கு” என்று சிரிப்பாள்.

நான் அப்படிச் சிரித்துக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம், நாக்கும் கொஞ்சம் நீளம். அவர்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஒவ்வொரு வருடமும் உப்புக் கம்மி என்று குறை சொல்வேன். உம்மா போன பிறகு இவள் காய்ச்சினாள். அதற்கும் அதையே சொன்னேன். “உனக்கு அது நாக்கா, உப்பளமா?” என்று கேட்பாளே தவிர கோபித்துக்கொள்ள மாட்டாள். பதிலுக்கு என் சமையலைக் குறை சொல்ல அவளுக்கு வழியே இல்லை.

போன வருடம் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு அலுவலகத்தில் இத்தனை வருடம் நின்று நடந்து தேய்ந்த முழங்கால். அவள் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை, மகன் வெளிநாட்டில். நான் ஈசூனுக்கு நாள் விட்டு நாள் போனேன். போகும்போதெல்லாம் கையில் கடைப் பொட்டலம். எங்கள் தெருவில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற நான், என் உயிர்த்தோழி படுத்துக் கிடக்கையில் பிளாஸ்டிக் டப்பாவில் ஊர் பேர் தெரியாத யாரோ சமைத்த சோற்றை எடுத்துக்கொண்டு ரயிலில் போனேன். ஒருநாள் அந்தச் சோற்றில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, “சப்புனு இருக்கு புள்ள. ஆனா பசிக்குதே” என்றாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ரயிலில்தான் கொல்லை அடுப்பு என் மண்டைக்குள் புகுந்தது. உள்ளே இருக்கிற சமையலறையை இனிமேல் மாற்ற முடியாது. வெளியே ஒன்று, முதல் ஆணியிலிருந்து புதிதாகக் கட்டலாம்.

வேலைக்கு வந்த சீனக் காண்டிராக்டர் அளவு நாடாவோடு இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எதைக் கேட்டாலும் “கேன் லா, ஆன்ட்டி” என்பார். தொட்டி ஒன்றும் குழாயும் தனியாக வேண்டும் என்றதும் மட்டும் நின்றார்.

“இன்சைட் காட் சிங்க் வாட். வொய் நீட் டூ?”

உள்ளே இருப்பது வேறு, வெளியே இருக்கப்போவது வேறு, இரண்டும் கலக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

“ஓ, ஹலால், இஸ்ஸிட்? மை சிஸ்டர் வெஜிடேரியன். ஆல்சோ லைக் தட். எவ்ரிதிங் செப்பரேட்.” அதோடு அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு பாத்திர அலமாரிக்குக் கதவும் பூட்டும் நான் கேட்காமலே போட்டுக்கொடுத்தார்.

என் வீட்டுக்காரருக்கு விளங்கத்தான் நேரம் பிடித்தது. வெளியே சார் சியூ கிடையாது, பியர் கிடையாது, உள்ளே இருக்கிற கரண்டி ஒன்றுகூட வெளியே வராது என்று நான் சட்டம் படித்தபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என் அப்பா வீட்டுக் கொல்லையில எனக்கே தடையா?” என்றார். “கோழி சுடுங்க, மீன் சுடுங்க, யார் வேணாம்னா?” என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வாசல் பக்கம் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு, அது தன்னுடைய இடம், அங்கே பியர் உண்டு என்று அறிவித்துவிட்டார். ஒரே வீட்டில் முன்னாலும் பின்னாலும் இரண்டு அரசாங்கம் நடந்தது.

மழைக்காலம் குறுக்கே வந்ததால் கூரை வேலை இழுத்தது. கறிவேப்பிலை மரத்தை வெட்டாமல், கூரையை அதற்காக ஒரு முழம் உள்ளே தள்ளச் சொன்னேன். சீனர்களின் ஏழாம் மாதத்தில் பக்கத்து வீட்டுத் தம்பதி இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதச் சாம்பல் பறந்து வந்து விழும் என்பதால் அந்தப் பக்கம் மட்டும் தடுப்பு வைத்தோம். இரண்டு பெரிய அடுப்பு, ஒரு சின்ன அடுப்பு, கீழே கேஸ் தோங் உருளை, ஓரத்தில் கரிபோட்டுச் சுட ஒரு தொட்டி, கருங்கல் மேடை, ஆறு பேர் உட்கார ஒரு மர மேசை. மின்விசிறியும் உண்டு. விளக்கைப் போட்டதும் அந்த நாலு பேர் படுக்கிற இடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேறு வேலை இல்லாதவள் மாதிரி மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பாத்திரம் வாங்க நம்மவர்கள் கடைத்தெருவான தேக்காவுக்குப் போனேன். சட்டி, கரண்டி, அரிவாள்மனை, பலகை, தட்டு, டம்ளர், உப்புக் கிண்ணம்வரை எல்லாம் புதிது. கடைக்காரர் என் பட்டியலைப் பார்த்து, “மகளுக்குத் தனிக்குடித்தனமா?” என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். பாவம், அந்த மனிதர் பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் தோழிக்குப் போன் செய்தேன். புதுச் சட்டி, புது அடுப்பு, தேக்கா மார்க்கெட்டில் உங்கள் ஆள் நடத்தும் ஹலால் கடைக் கறி, இந்தப் பக்கம் வேறு எதுவும் வந்ததில்லை, வரவும் வராது என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“லைன்ல இருக்கியாடி?”

“இருக்கேன்” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. “எனக்காகவா இதெல்லாம் பண்ணின?”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா. தூக்குச்சட்டி, டப்பா ஒண்ணும் எடுத்துட்டு வரக்கூடாது. கையை வீசிக்கிட்டு வா.”

“வர்றேன் புள்ள. காலையில பசியாறாம வர்றேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே எழுந்துவிட்டேன். புது அடுப்புக்கு விபூதிக் கீற்று போட்டுக் குங்குமம் வைத்துப் பால் காய்ச்சினேன். பால் அழகாகப் பொங்கியது. பிறகு சமையல். வஞ்சிரம் போட்டு மீன் குழம்பு, இத்தனை வருடம் அவள் பங்குக்கு வாசனையாக மட்டும் போய்க்கொண்டிருந்த அதே குழம்பு. ஆட்டுக்கறி வறுவல், முருங்கைக்காய்ப் பொரியல், ரசம், சோறு. பதினோரு மணிக்கெல்லாம் முடித்துவிட்டேன். வாழையிலையை நறுக்கி வைத்தேன்.

அதன் பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் புதிதாக எதைத் தொடங்கினாலும் செய்வதைக் கை தானாகச் செய்தது. முன்னறையில் மாலை போட்டு வைத்திருக்கும் மாமனார் மாமியார் படத்துக்கு முன்னால் ஓர் இலை போட்டேன். மாமனாருக்கு மீன் குழம்பு பிடிக்கும். எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி வைத்துத் தண்ணீர் சுற்றிச் சூடம் காட்டினேன். அவர்கள் வீடு, அவர்கள் கொல்லை. முதல் சாப்பாடு அவர்களுக்குத்தானே? அப்புறம் இலையில் இருந்ததை எடுத்து அந்தந்தச் சட்டியில் திரும்பச் சேர்த்துக் கிளறினேன். படைத்தது எல்லோருக்கும் சேர வேண்டும் என்று எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

தோழி கைத்தடியோடு, கைப்பையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் வந்தாள். நல்ல பச்சையில் பாஜு கூரோங் என்கிற மலாய் உடுப்பு, அதே நிறத்தில் முக்காடு. பெருநாளுக்கு உடுத்துகிற மாதிரி உடுத்தியிருந்தாள். கொல்லைக்குள் காலை வைத்ததும் நின்றாள். மேடையைத் தொட்டாள், குழாயைத் திறந்து மூடினாள், பூட்டு அலமாரியைத் திறந்து தட்டுகளைப் பார்த்தாள். “ஆத்தாடி” என்றாள். கண் கலங்கியிருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, “போடு புள்ள, பசி தாங்கல” என்றாள்.

இலை போட்டேன். சோறு வைத்தேன். மீன் குழம்பை ஊற்றி, நடுத்துண்டாகப் பார்த்து வைத்தேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, பிஸ்மில்லா சொல்லிச் சோற்றில் கையை வைத்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமை பொங்கி வழிந்தது. சொன்னேன்:

“மொதல்ல எங்க மாமா மாமி படத்துக்குப் படைச்சேன். அடுத்தது உனக்குத்தான். இவருக்குக்கூட இன்னும் போடல.”

அவள் கை சோற்றிலேயே நின்றது.

“தனியா எடுத்து வச்சியா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இல்ல, சட்டியிலேயே திரும்பச் சேர்த்துட்டேன், எப்பவும் போல...” என்று சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? பள்ளியில் கோயில் பொங்கலை நான் அவளுக்கு நீட்ட, அவள் வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டது நினைவில்லையா? பன்றியைத் துரத்தினேன், பியரைத் துரத்தினேன், உள்ளே இருக்கிற கரண்டியைக்கூடத் துரத்தினேன். கடைசியில் நானே என் கையால் சோறு, குழம்பு, கறி, ரசம் எல்லாவற்றையும் அவளுக்கு ஆகாததாக ஆக்கி வைத்திருந்தேன்.

அவள் கையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். “கோவிச்சுக்காத புள்ள” என்றாள்.

முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. ஒருநாள், ஒரு வேளை, எனக்காகச் சாப்பிட்டால் என்ன என்று. ஒரு நொடிதான். அந்த ஆசையை நினைத்து எனக்கே பிடிக்கவில்லை. பிறகு வந்த கோபம் முழுக்க என்மேல். பேசாமல் இருந்திருந்தால் சாப்பிட்டிருப்பாளே என்றும் தோன்றியது. தெரியாமல் சாப்பிட வைத்துவிட்டு எந்த முகத்தோடு அவள் எதிரில் உட்கார்ந்திருப்பேன்?

என் வீட்டுக்காரர் அதற்குள் உள்ளேயிருந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சமாதானம் பேச வந்தார். “சும்மா படத்துக்கு முன்னாடி காட்டினதுதானே தங்கச்சி? எங்க அப்பா எந்திரிச்சு வந்தா தின்னாரு?”

“நீங்க கொஞ்சம் வாயை மூடுறீங்களா?” என்று நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த மைனா பறந்துபோனது. தோழி சிரித்துவிட்டாள். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

“எந்திரி” என்றாள். “அண்ணே, இந்த எலையில நீங்க ஒக்காருங்க. மீன வீணாக்காதீங்க. புள்ள, அந்தச் சின்ன சட்டியைத் தொட்டியா?”

தொடவில்லை. கடைசியாக வாங்கிய சின்ன மண்சட்டி, பழக்கி வைத்ததோடு சரி. அதே அளவில் இன்னொரு பாத்திரமும் அலமாரியில் இருந்தது.

“அடுப்பு இருக்கு, சட்டி இருக்கு, நீ இருக்க. வீட்டுல டின் சார்டின் இல்லாமலா இருக்கும்?”

இருந்தது. மீன் டின்னை எடுத்துவந்து கொடுத்ததும், பழக்கத்தில் திருப்பி ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள், என்னிடம் நீட்டினாள். நல்லவேளை, வளையத்தை இழுத்துத் திறக்கிற டின். இல்லையென்றால் உள்ளே இருக்கிற டின் திறப்பானுக்காக மறுபடியும் ஒரு கலவரம் ஆகியிருக்கும்.

சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் அரிசியை உலை வைத்தேன். வெங்காயம் உரிக்க அவள் கையை நீட்டினாள். “நீ ஒண்ணையும் தொடக்கூடாது, ஒக்காரு” என்று அதட்டினேன். வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி, தலைக்கு மேலே இருந்த மரத்திலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை. தாளித்து, மிளகாய்த்தூள் போட்டு, சார்டினைச் சாறோடு கவிழ்த்தேன். அவசரத்துக்கு, யாரும் இல்லாத நாளில், நின்றுகொண்டே சாப்பிடுகிற குழம்பு அது. விருந்துக்கு அதை யாராவது வைப்பார்களா? எலுமிச்சையைப் பிழிந்து இறக்கினேன். எத்தனை பந்திக்குச் சமைத்திருக்கிறேன், ஒரு சட்டிக் குழம்புக்கு இப்படிப் பயந்ததில்லை.

இந்த முறை யாருக்கும் படைக்கவில்லை. மேசையின் அந்த முனையில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வஞ்சிரத்தை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முனையில் ஒரு புதுத் தட்டில் அவளுக்குச் சோறும் சார்டின் குழம்பும் வைத்தேன். வைத்துவிட்டு எதிரில் நின்றேன்.

அவள் மறுபடியும் பிஸ்மில்லா சொன்னாள். சோற்றைப் பிசைந்தாள், நிதானமாக. ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். அவள் தாடை அசைவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மென்று முழுங்கிவிட்டு இரண்டாவது வாயும் எடுத்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அப்படி ஒரு குறும்பை அந்த முகத்தில் நான் பார்த்தது கிடையாது.

“உப்புக் கம்மி புள்ள” என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகவா கூரை போட்டு, தொட்டி கட்டி, தேக்காவையே வாரிக்கொண்டு வந்தேன்? ஆமாம், இதற்குத்தான். உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் தொடவில்லை. தட்டை என் பக்கம் நீட்டினாள்.

“நீயே போடு” என்றாள்.